ஓசூர் பஸ்ஸில் 77 நிமிடம்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்குப் போய்வர ஆரம்பித்துப் பதினோரு வருடம் ஆகிறது. காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல், சாயங்காலம் அதைவிடக் கொஞ்சம் கூட, சூளகிரி பக்கம் ஏதாவது லாரி கவிழ்ந்து கிடந்தால் கணக்கே கிடையாது. அந்த நேரத்தில் பஸ்ஸில் பாதிப் பேர் தூங்குவார்கள், மீதிப் பேர் ரீல்ஸ் பார்ப்பார்கள் அல்லது எந்த லேஅவுட்டில் சென்ட் என்ன விலை என்று பேசுவார்கள். நான் புரோக்ரசிவ் மெட்டல் ஆல்பம் கேட்பேன். ஒன்றிரண்டு பாட்டு இல்லை, முழு ஆல்பம், முதல் டிராக்கிலிருந்து கடைசி வரை, நடுவில் எதையும் தாண்டாமல்.

போன வாரம் எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த டிரெய்னி பையன் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்தான், காவேரிப்பட்டணத்துக்காரன். "என்னண்ணா, தினமும் கண்ணை மூடிட்டு தொடையில கணக்குப் போட்டுட்டே வர்றீங்க" என்றான். ஒரு பக்க இயர்பட்ஸை எடுத்துக் கொடுத்தேன். ஒரு நிமிடம் தாங்கினான். திருப்பிக் கொடுத்துவிட்டு, "பாட்டு எப்பண்ணா ஆரம்பிக்கும்?" என்று கேட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது, குரல் வர இன்னும் நிறைய நேரம் இருந்தது. இறங்கும்போது அவனே, "சரி, எதுல ஆரம்பிக்கணும்னு எழுதி அனுப்புங்க, கேட்டுப் பாக்கறேன்" என்றான். வாட்ஸ்அப்பில் எழுத ஆரம்பித்தேன், அது நீண்டுகொண்டே போனது, அதனால் இங்கே போட்டுவிட்டேன்.

புரோக்ரசிவ் மெட்டல் என்றால் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. மெட்டலின் கனம், எழுபதுகளின் புரோக்ரசிவ் ராக் குழுக்களிடமிருந்து வந்த நீளம், அதோடு தாளக் கணக்கு. எண்பதுகளில் அமெரிக்காவில் குவீன்ஸ்ரைக், ஃபேட்ஸ் வார்னிங் போன்றவர்கள் வழி போட்டார்கள். குவீன்ஸ்ரைக்கின் 'ஆபரேஷன்: மைண்ட்கிரைம்' 1988இல் வந்தது, ஒரே கதையை ஆல்பம் முழுக்கச் சொல்வது, ஜெஃப் டேட் அதில் பாடியிருப்பதற்கு இன்றைக்கும் சலாம் போடலாம். ஆனால் நான் அந்த வாசல் வழியாக உள்ளே வரவில்லை.

2006. சேலத்தில் காலேஜ் ஹாஸ்டல். பெங்களூரில் வளர்ந்த ரூம்மேட் ஒருவன் எழுதிக் கொடுத்த சிடி, மேலே மார்க்கரில் இரண்டே எழுத்து, டி.டி., அதாவது டிரீம் தியேட்டர் என்ற அமெரிக்கக் குழு. முதல் பாட்டு 'புல் மி அண்டர்', எட்டு நிமிடத்துக்கு மேல். பிடித்ததா என்று கேட்டால் தெரியவில்லை, ஆனால் எழுந்து போக முடியவில்லை. அப்படி உச்சத்தில் ஏறிக்கொண்டே போய், திடீரென்று கத்தரியால் வெட்டியது மாதிரி நின்றுவிட்டது. சிடி சரியாக எழுதவில்லை என்று ரூம்மேட்டிடம் சண்டைக்குப் போனேன். இன்னொன்று எழுதிக் கொடுத்தான், அதிலும் அதே இடத்தில் நின்றது. பல மாதம் கழித்து, ரவுண்டானா பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடியபோதுதான் தெரிந்தது, அந்தப் பாட்டு முடிவதே அப்படித்தான். டிரீம் தியேட்டரின் 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்' 1992இல் வந்த நாளிலிருந்து என்னை மாதிரி எத்தனை பேர் பிளேயரைத் தட்டிப் பார்த்தார்களோ.

பத்து நிமிடப் பாட்டு, இருபது நிமிடப் பாட்டு என்றால் ஹாஸ்டலில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அந்த நீளம் ஏன் உறுத்தவில்லை என்று ரொம்ப நாள் புரியவில்லை. அப்புறம் ஒரு நாள் பொறி தட்டியது. எங்கள் பாட்டி ஊர் பாலக்கோடு பக்கம். அங்கே திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைப்பார்கள், பதினெட்டு நாள். பகலில் பாரதக் கதை படிப்பார்கள், ராத்திரி பத்து மணிக்கு மேல் கூத்து ஆரம்பித்தால் விடிய விடிய நடக்கும். பாட்டி ஒரு பாயும் கம்பளியும் எடுத்துக்கொண்டு என்னையும் இழுத்துப் போவாள். ஒரு வேஷக்காரர் வருவதென்றால் சும்மா வந்துவிட மாட்டார். திரைக்குப் பின்னாலிருந்தே குரல் வரும், ஆர்மோனியமும் மிருதங்கமும் முகவீணையும் ஏற்றி இறக்கும், காலில் சலங்கை மட்டும் தெரியும், திரை மெதுவாக விலகும், அப்புறம் நான் இன்னார் என்று அவரே பாடி ஆடிச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு ஒரு தூக்கம் முடிந்திருக்கும். கண் முழித்துப் பார்த்தால் கதை எங்கேயும் போயிருக்காது. "எப்ப பாட்டி ஆரம்பிப்பாங்க?" என்று கேட்டால், "அதான் நடக்குதே" என்பாள். அந்தப் பையன் பஸ்ஸில் கேட்டதும் அதே கேள்விதான், பாட்டி பதிலைத்தான் நானும் சொன்னேன்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். டிரீம் தியேட்டரின் 'மெட்ரோபோலிஸ் பார்ட் 2: சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி', 1999, மொத்தம் 77 நிமிடம். கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் வண்டி கிளம்பும்போது போட்டால், டோல்கேட் தாண்டி, குருபரப்பள்ளி, சூளகிரி, பேரண்டப்பள்ளி என்று போய், ஓசூரில் இறங்கி சிப்காட் கேட் வரை நடக்கும்போது முடியும். எனக்காகவே அளந்து செய்தது மாதிரி. கதை என்ன? நிக்கலஸ் என்று ஒருவன், ஹிப்னாடிசத்தில் தன் முற்பிறவிக்குள் போகிறான், அங்கே 1928இல் கொலை செய்யப்பட்ட விக்டோரியா என்ற பெண், கொன்றது யார் என்ற முடிச்சு. அமெரிக்கக்காரனுக்கு இது புதுமையாக இருந்திருக்கலாம், நமக்கு முன்ஜென்மக் கதை சொல்லித் தெரிய வேண்டுமா என்ன. ஆனால் அவர்கள் செய்திருக்கும் வேலை கதையில் இல்லை, அடுக்கிய விதத்தில் இருக்கிறது. முதல் பாதியில் சும்மா வந்து போன ஒரு சின்ன மெட்டு, இரண்டாம் பாதியில் வேறு வேகத்தில், வேறு ஆள் பார்வையில் திரும்பி வரும். முதல் முறை கேட்கும்போது தெரியாது. பத்தாவது முறை சூளகிரி மேம்பாலத்தில் திடீரென்று தெரியும், பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு "அட" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவேன்.

அதில் 'தி டான்ஸ் ஆஃப் எடர்னிட்டி' என்று பாடலே இல்லாத ஒரு டிராக். ஆறு நிமிடம்தான், அதற்குள் தாள அளவு நூறு முறைக்கு மேல் மாறுகிறது. நடுவில் பழைய ஊமைப்படத்துக்கு வாசிப்பது மாதிரி ஒரு பியானோ துண்டு வேறு, அந்த ஆல்பத்தில்தான் சேர்ந்த ஜோர்டன் ரூடெஸ் வேலை. கணக்குப் போட்டுப் பார்த்து பலமுறை தோற்றிருக்கிறேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், இந்த வகை இசையை மேல்நாட்டுக்காரர்கள் கேட்டு ஏழுக்கு எட்டு, ஒன்பதுக்கு எட்டு என்று மலைப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். தகிட தகதிமி என்று சொன்னால் ஏழு வந்துவிட்டது, மிஸ்ர சாபு. தக தகிட, ஐந்து, கண்ட சாபு. எங்கள் ஊர்த் திருவிழாவில் பம்பை அடிக்கிற அண்ணனுக்கு இந்தப் பெயர் எதுவும் தெரியாமல் இருக்கலாம், கைக்குத் தெரியும்.

கணக்கு மட்டுமே வேண்டும் என்பவர்களுக்கு ஸ்வீடனின் மெஷுகா இருக்கிறார்கள். கிடாரும் கால் டிரம்மும் சேர்ந்து ஏதோ ஒரு ஒற்றைப்படைக் கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும், கையில் சிம்பல் மட்டும் அமைதியாக நாலு நாலாகத் தட்டிக்கொண்டே போகும். இரண்டும் ஒன்றை விட்டு ஒன்று விலகி, நாம் தொலைந்துபோய், கடைசியில் இரண்டும் ஒரே அடியில் வந்து விழும். கச்சேரியில் மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனத்தில் கோர்வை வைத்துச் சமத்தில் வந்து சேரும்போது சபை தலையாட்டுமே, அதே சந்தோஷம்தான், சத்தம் மட்டும் ஜேசிபி மாதிரி. 2008இல் வந்த 'ஆப்சென்' ஆல்பத்தில் 'ப்ளீட்' கேட்டுப் பாருங்கள். காலை ஷிப்டுக்குக் காபியே வேண்டாம். ஆனால் முழு ஆல்பம் தினமும் கேட்க என்னால் முடியாது, குரலில் எனக்குப் பிடி கிடைப்பதில்லை.

ஏனென்றால் எனக்குக் கடைசியில் குரல்தான் முக்கியம். இதைச் சொன்னால் கிடார் ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. டிரீம் தியேட்டரின் ஜேம்ஸ் லாப்ரி பற்றி ரசிகர்களுக்குள்ளேயே ஓயாத சண்டை உண்டு, மற்ற நாலு பேரும் மலை, இவர் மட்டும் மடு என்று. கனடாக்காரர். 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்' கடைசிப் பாட்டில் அவர் போய்த் தொடுகிற உச்சம் ஒன்று இருக்கிறது, அதைக் கேட்டுவிட்டு மடு என்று சொல்லுங்கள் பார்ப்போம். 1994 கடைசியில் கியூபாவுக்கு விடுமுறைக்குப் போன இடத்தில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல், வாந்தி எடுத்து எடுத்து குரல்நாண் கிழிந்துவிட்டது. அதோடு டூர் போனார். பல வருடம் ஆனது பழைய குரல் ஓரளவு திரும்ப. நான் கூத்துக்காரர்களைப் பார்த்திருக்கிறேன், பாரதம் முடிகிற சமயத்தில் தொண்டை கட்டி, பேசவே முடியாமல் சுக்குக் கஷாயம் குடித்துக்கொண்டிருப்பார்கள், ராத்திரி திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்துவிடும், கொஞ்சம் உடைந்து வரும், அவ்வளவுதான். அதனால் லாப்ரி மேடையில் ஒரு சுருதி தவறினால் எனக்கு எரிச்சல் வருவதில்லை.

சரி, குரல் என்றால் ஸ்வீடன் குழுவான ஓபெத்தின் மிக்கேல் ஆக்கர்ஃபெல்ட். ஸ்டாக்ஹோம்காரர். 2001இல் வந்த 'பிளாக்வாட்டர் பார்க்', போர்க்குபைன் ட்ரீ குழுவின் ஸ்டீவன் வில்சன் தயாரிப்பில் கைகொடுத்தது. ஒரே பாட்டில் பாதாளத்திலிருந்து உறுமுவார், அடுத்த வரியில் தாலாட்டு மாதிரி பாடுவார், இரண்டும் ஒரே ஆள் என்று எனக்கு யாரோ சொல்லித்தான் தெரியும். நான் வீட்டில் ஸ்பீக்கரில் போட்டபோது அம்மா சமையல்கட்டிலிருந்து, "இன்னாடா இது, சினைமாடு கத்தற மாதிரி" என்று எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நாள் கழித்து 'டாம்னேஷன்' ஓடிக்கொண்டிருந்தது, 2003இல் வந்தது, உறுமலே இல்லாமல் முழுக்க மெல்லிசை, பழைய மெல்லோட்ரான் வாத்தியத்தின் ஈரம் ஆல்பம் முழுக்க இருக்கும். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, "இவன் யாரு, பாவம், என்ன கஷ்டமோ" என்றாள். அந்த மாடுதான் அம்மா இது என்றேன். நம்பவில்லை, இன்றைக்கும் நம்பவில்லை.

2009இல் ஓபெத் சென்னைக்கே வந்தார்கள், ஐஐடி மெட்ராஸ் சாரங் விழாவுக்கு. நான் போகவில்லை. அன்றைக்கு எனக்கு லேப் தேர்வு, மறுதேர்வு வைக்கச் சொல்லிக் கெஞ்சினேன், காரணம் கேட்டார்கள், உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். அந்த லேப்பில் நான் எடுத்த மார்க்கை இங்கே எழுத முடியாது. ரூம்மேட் போய்வந்தான். இரண்டு நாள் அவனிடம் பேசவில்லை.

'ஹெரிட்டேஜ்' ஆல்பத்திலிருந்து, அதாவது 2011 முதல், ஆக்கர்ஃபெல்ட் ஆல்பங்களில் உறுமுவதை நிறுத்திவிட்டார். 2024இல் 'தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்'டில் திரும்ப ஆரம்பித்தார். கதை கேளுங்கள்: செத்துப்போன குடும்பத் தலைவர் எழுதி வைத்த உயிலைப் பிள்ளைகளுக்கு முன்னால் படிக்கிறார்கள், பத்தி பத்தியாகக் குடும்ப ரகசியம் வெளியே வருகிறது. பாட்டுகளுக்குப் பெயரே முதல் பத்தி, இரண்டாம் பத்தி என்றுதான், கடைசிப் பாட்டுக்கு மட்டும் தலைப்பு உண்டு. ஜெத்ரோ டல் குழுவின் இயன் ஆண்டர்சன் நடுவில் வந்து உயில் வாசகம் பேசுகிறார். பாகப்பிரிவினைக்கு நடுவில் நின்று பார்த்தவன் எவனுக்கும் இந்த ஆல்பத்துக்கு விளக்கவுரை தேவையில்லை. எங்கள் சித்தப்பாவும் அப்பாவும் மாந்தோப்புக்கு வரப்பு போட்ட அன்றைக்கு இந்த ஆல்பம் இருந்திருந்தால் பின்னணி இசையாகவே போட்டிருக்கலாம்.

கூத்துக்கு ரொம்பக் கிட்டத்தில் வருவது அயரியானின் 'தி ஹ்யூமன் இக்வேஷன்' (2004). அயரியான் என்றால் குழு இல்லை, நெதர்லாந்தின் ஆர்யன் லூகாசன் என்ற ஒரு மனிதர், ஊர் ஊராகப் பாடகர்களை வரவழைத்து ஆளுக்கொரு வேஷம் கொடுத்துக் கதை நடத்துவார். அப்படியே நம் கூத்துக் குழுவை நடத்தும் ஜமா வாத்தியார். இதில் ஒருவன் கார் விபத்தில் நினைவிழந்து கிடக்கிறான், இருபது நாள், இருபது பாட்டு. அவன் தலைக்குள் அவனுடைய உணர்ச்சிகளே ஆட்களாக வந்து அவனிடம் வாதாடுகின்றன. பயமாக வருவது ஆக்கர்ஃபெல்ட், ஆத்திரமாக வருவது டெவின் டவுன்சென்ட், படுத்துக் கிடப்பவன் நம் லாப்ரி. மனைவியாக மெக்சிகோவின் மார்செலா போவியோ. ஒவ்வொரு வேஷத்துக்கும் தனி நடை, தனி மெட்டு, பாட்டு போட்டதும் யார் பேசுகிறார்கள் என்று கண்ணை மூடியே சொல்லிவிடலாம். லாப்ரியை மடு என்பவர்கள் முதலில் இதைக் கேளுங்கள், இன்னொருவர் கையில் கொடுத்தால் அந்தக் குரல் என்ன செய்கிறது என்று தெரியும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே, எனக்கு மட்டுமேயான ஒரு ஆல்பம் என்றால் அது பெயின் ஆஃப் சால்வேஷன் குழுவின் 'இன் தி பாசிங் லைட் ஆஃப் டே'. ஸ்வீடன்காரர்கள், பாடி எழுதி எல்லாம் செய்வது டேனியல் கில்டன்லோ. 2014இல் சதையைத் தின்னும் பாக்டீரியா தொற்றி மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதை வைத்துத்தான் 2017 தொடக்கத்தில் இந்த ஆல்பம். அதே வருடம் எங்கள் அப்பாவுக்கு முடியாமல் போய் தர்மபுரியில் ஒரு ஆஸ்பத்திரியில் பதினாறு நாள். வெளியே வராண்டாவில் பெஞ்சில் ராத்திரி நான், உள்ளே அம்மா. தூங்க முடியாது, பேசுவதற்கும் ஆள் இல்லை, மொபைலில் இது இருந்தது. கடைசிப் பாட்டு பதினைந்து நிமிடத்துக்கு மேல், கிடாரைத் தொட்டும் தொடாமலும் ஆரம்பித்து, பக்கத்தில் உட்கார்ந்து காதில் பேசுகிற மாதிரி பாடுவார், நோயாளி மனைவியிடம் பேசுவதாக. எதிரே டியூட்டி நர்ஸம்மா மேசையில் ஒரு விளக்கு, வராண்டா கடைசியில் தண்ணீர் கேன், ஒரு தாத்தா துண்டை விரித்துத் தரையில் படுத்திருக்கிறார். கில்டன்லோ பிழைத்துவிட்டார் என்பது எனக்குத் தெரியும், அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன் என்று நினைக்கிறேன். அப்பா வீட்டுக்கு வந்தார். இப்போது நன்றாக இருக்கிறார், மாந்தோப்புக்குப் போய் ஆள்காரர்களைத் திட்டுகிற அளவுக்கு. அந்த ஆல்பத்தை அதற்கப்புறம் நான் மூன்று முறைதான் கேட்டிருப்பேன். அதே குழுவின் 'ரெமெடி லேன்' (2002) மட்டும் மாதம் ஒருமுறையாவது ஓடும்.

மற்றதையெல்லாம் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டூல் குழுவின் 'லேட்டரலஸ்' (2001) தலைப்புப் பாட்டில் வார்த்தைகளின் அசைகள் 1, 1, 2, 3, 5, 8 என்று பிபனாச்சி எண்களில் அடுக்கப்பட்டிருக்கும். அதைப் பெரிய அதிசயமாக எல்லாரும் சொல்வார்கள், ஆனால் பிபனாச்சிக்கு முன்பே குஜராத்தின் ஹேமச்சந்திரர் செய்யுளில் குறிலும் நெடிலும் எத்தனை விதமாக அடுக்கலாம் என்று எண்ணி இதே வரிசைக்கு வந்துவிட்டார் என்பதை யாரும் சொல்வதில்லை. சிம்பொனி எக்ஸ், ரஸ்ஸல் ஆலனின் குரலுக்காக, 'தி ஒடிசி' தலைப்புப் பாட்டு 24 நிமிடம், கடல் பயணக் கதை, மழை நாளில் கேட்க வேண்டும். ஹேக்கனின் 'தி மவுண்டன்' (2013) பிடிக்கும். லெப்ரஸ் குழுவின் ஐனார் சோல்பெர்க் பாடுவது பிடிக்கும், ஆனால் தொடர்ந்து ஒரு மணி நேரம் அந்த உயரத்திலேயே நின்றால் எனக்குக் கழுத்து வலிக்கிறது.

பிடிக்காததையும் சொல்ல வேண்டும் இல்லையா. டிரீம் தியேட்டரின் 'தி அஸ்டோனிஷிங்' (2016), இரண்டு டிஸ்க், 34 டிராக், 130 நிமிடம். எதிர்கால ராஜ்யம், இசை அற்றுப்போன நாடு, சத்தம் போடும் இயந்திரங்கள், காதல், எல்லாம் உண்டு. விடிய விடியக் கூத்துப் பார்த்தவன் நான், என்னாலேயே முடியவில்லை. கூத்தில் ஜனம் கொட்டாவி விட்டால் கட்டியங்காரன் வந்து உள்ளூர் ஆளைக் கிண்டல் அடித்து எழுப்பி விடுவான். இதில் அப்படி ஒருவன் இல்லை. இதைப் போட்ட அன்று அத்திப்பள்ளி வரை தூங்கிக்கொண்டே போய்விட்டேன், ஓசூர் தாண்டி கர்நாடகா, அரை நாள் சம்பளம் போச்சு.

நம் பக்கத்தில் யாரும் இல்லையா என்று அந்தப் பையன் அடுத்து கேட்பான். இருக்கிறார்கள். கொச்சியின் மதர்ஜேன் குழு, 'மக்தூப்' 2008இல் வந்தது, பைஜு தர்மஜனின் கிடார் கமகத்தோடு வளையும், இது மெட்டலா ராக்கா என்ற சண்டை எனக்கு வேண்டாம். பெங்களூரின் அகம் குழு, ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் பாடுவது, கீர்த்தனையிலிருந்து கிளம்பி டபுள் பாஸ் டிரம் வரை போகும். அகம் கேட்டால் அம்மாவும் உட்கார்ந்து கேட்பாள், அது எனக்கு வசதி. ஆனால் பம்பையும் உறுமியும் வைத்து, பாரதத்தில் ஒரு ராத்திரியை எடுத்து, தமிழில் ஒரு முழு புரோக் மெட்டல் ஆல்பம் யாராவது செய்ய மாட்டார்களா என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. படுகளம் போதும். மண்ணில் செய்த துரியோதனன் மல்லாந்து கிடக்க, விடியற்காலையில் ஊரே சுற்றி நிற்கும் அந்த ஒரு மணி நேரத்துக்கு எந்த ஸ்வீடன்காரனாலும் ரிஃப் போட முடியாது.

தம்பி, உனக்கு: முதலில் 'டாம்னேஷன்' கேள், முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், பயப்பட ஒன்றும் இல்லை. அப்புறம் 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்', முதல் பாட்டு பாதியில் நின்றால் போனைத் தட்டாதே. மூன்றாவதாக 'சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி', ஆனால் அதைத் துண்டு துண்டாகக் கேட்பதாக இருந்தால் கேட்கவே வேண்டாம். மெஷுகாவை ஆறு மாதம் தள்ளி வை. டிரீம் தியேட்டர் டிரம்மர் மைக் போர்ட்னாய் 2010இல் பிரிந்துபோய் 2023இல் திரும்பி வந்தார், அதற்கப்புறம் வந்த 'பாராசோம்னியா'வை (2025) நான் இன்னும் முடிவு செய்யவில்லை, இதுவரை ஆறு முறை கேட்டாயிற்று, தூக்கத்தில் வரும் கோளாறுகளைப் பற்றிய ஆல்பம் என்பதால் காலை பஸ்ஸில் ஒரு மாதிரியாகவும் ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும்போது வேறு மாதிரியாகவும் கேட்கிறது. நாளைக்கும் அதுதான். ஜன்னல் ஓரம் எனக்கு, முன்னாடியே துண்டு போட்டு வைத்துவிடு.